எங்கண்ணன் ஜெயிச்ச பந்தயம்

போன மாசம் ஒரு ஸ்கூல்ல ஆண்டு விழான்னு கூப்ட்டாங்க. மேடையில உக்கார வச்சு, சால்வையப் போத்தி, மைக்க கையில குடுத்து, "உழைப்பால எப்படி உயர்ந்தீங்கன்னு பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க சார்"னாரு ஹெட்மாஸ்டர். நானும் சொன்னேன். விடியக்காலைல நாலு மணிக்கு எந்திரிச்சேன், மழை வெயில் பாக்காம பாகூர் ஏரிக்கரைல மிதிச்சேன், பழைய சோத்தத் தின்னுட்டு புரொஃபஷனல் வீரனா ஆனேன். பசங்க கைதட்டுனாங்க. சொன்னதுல ஒண்ணும் பொய்யில்ல. நாலு மணி நெஜம், ஏரிக்கரை நெஜம், பழைய சோறும் நெஜம். ஆனா கீழ எறங்கி வந்து அந்த ஸ்கூல் பாத்ரூம்ல மூஞ்சி கழுவுறப்ப, கண்ணாடில தெரிஞ்ச ஆளப் பாத்து காறித் துப்பணும்போல இருந்திச்சு. துப்பவும் செஞ்சேன். அப்பால கண்ணாடிய நானே தொடச்சி வுட்டுட்டு வந்தேன்.

மேடையில சொல்லாத மீதி கதைய இங்க எழுதிப்புடறேன். படிக்கிறவங்களுக்கு மொகம் சுளிச்சா சுளிக்கட்டும், எனக்கு சுளிச்சி சுளிச்சி வாயே கோணிப் போச்சு.

எங்க ஊரு பாகூர் கிட்ட. அப்பா கரும்பும் நெல்லும் வைக்கிறவரு. வூட்ல நாங்க ரெண்டே புள்ளைங்க. அண்ணன் எனக்கு ஆறு வயசு பெரியவன், கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுறவன். என் கதைல எனக்கு மேல அவன்தான் இருக்கான், அதனால அவன நல்லா பாத்து வச்சிக்கங்க. குள்ளமா, கெட்டியா, எந்நேரமும் சிரிச்ச மொகமா இருப்பான். ஊர்ல யாருக்கு இன்னா வேணும்னாலும் மொத ஆளா ஓடுவான். கெட்டவன்னு அவன யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லல.

எங்க பக்கம் காணும் பொங்கலுக்கு சைக்கிள் பந்தயம் வுடுவாங்க. அதுல சைக்கிள் மட்டும் ஓடாது. ஒவ்வொரு சைக்கிளுக்கும் கூட ரெண்டு பைக்கு, மூணு பைக்கு ஓடும். ஒண்ணு முன்னாடி போயி காத்த மறைக்கும். ஒண்ணு பக்கத்துல வந்து சோடா குடுக்கும், தலைல தண்ணி ஊத்தும், "மிதிடா மிதிடா"ன்னு தொண்டை கிழிய கத்தும். மூணாவது பைக்குதான் முக்கியம். அது எதிராளிய ஓரங்கட்டும். அடிக்காது, ஒதைக்காது. அவன ஒட்டிக்கினே போயி, கொஞ்சங் கொஞ்சமா ரோட்டு ஓரத்துக்குத் தள்ளும். தாரு முடிஞ்சு மண்ணு வர்ற எடத்துல அவன் சக்கரம் தடுமாறும், வேகம் செத்துப் போயிடும், அவ்ளோதான். கீழ விழுந்தா, "ஓட்டத் தெரியாதவன் ஏன்டா வந்தான்"னு சிரிப்பாங்க. விழுந்தவனும் தொடச்சிக்கினு எந்திரிச்சு, அடுத்த வருசம் நல்ல பைக்காரனா பாத்து கூட்டிக்கினு வருவான். எங்க ஊருக்கு அது தப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆளு இருக்கறவன் ஜெயிப்பான், ஆளு இல்லாதவன் தோப்பான். எங்க கொம்யூன் பஞ்சாயத்துல இருக்கற எல்லா ஊர்லயும் இதான் வழக்கம்.

பன்னெண்டாவது படிக்கறப்ப மொத தடவ ஜெயிச்சேன். ஓரங்கட்டுனது எங்கண்ணன். அதுக்கு அடுத்த ரெண்டு வருசமும் ஜெயிச்சேன். காலும் நல்ல காலுதான், அத நான் கொறச்சி சொல்ல மாட்டேன். ஆனா எவ்ளோ காலு, எவ்ளோ அண்ணன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிரிச்சிப் பாக்கத் தெரியல.

அப்பறம் ஒரு பழைய கியர் சைக்கிள் கெடைச்சிச்சு. அசோசியேஷன் நடத்துற அமெச்சூர் ரேசுங்களுக்குப் போக ஆரம்பிச்சேன். அங்க ரூல்ஸு வேற. எந்த வண்டியும் கூட வரக்கூடாது, காத்த மறைக்கக் கூடாது, மத்தவன தொடக் கூடாது, மீறினா பேரு அடிச்சிருவாங்க. மொத ரேசுல, பக்கத்துல யாரும் கத்தாம, செயின் சத்தத்த மட்டும் கேட்டுக்கினு மிதிச்சேன் பாருங்க, எனக்கு அழுகையே வந்திச்சு. இதுல நான் ஜெயிச்சா அது என்னோடதுன்னு தோணிச்சு. அப்டி சுத்தமா நெனைக்கவும் ஒரு காலம் எனக்கு இருந்திச்சு.

அங்கதான் திருக்கனூர்காரனப் பாத்தேன். என் வயசுதான். கடைத்தெருவுல அவங்க அத்தாவோட மளிகைக்கடை. ஒல்லியா ஓமக்குச்சி மாதிரி இருப்பான், பேசவே மாட்டான். ஆனா கடைசி எறநூறு மீட்டர்ல எந்திரிச்சு நின்னு மிதிச்சான்னா அவன எவனும் புடிக்க முடியாது. நான் ரெண்டு தடவ அவன்கிட்ட சக்கர அகலத்துல தோத்தேன். முடிஞ்சதும் அவனே வந்து எனக்கு தண்ணி பாட்டில நீட்டுவான். நான் வாங்கி குடிச்சிட்டு, மனசுக்குள்ள அவன் வம்சத்தையே திட்டுவேன்.

ஒரு மாசி மாசம் சேதி வந்திச்சு. வெளி மாநிலத்துல ஒரு கம்பெனி டீமு, சம்பளம் குடுத்து சைக்கிள் ஓட்ட வைக்கிற டீமு. அதோட மேனேஜர் எங்க ரேச பாக்க வர்றாரு. நம்ம பக்கத்துலேருந்து ஒரே ஒருத்தன எடுப்பாராம். வில்லியனூர்ல ஆரம்பிச்சு, கரிக்கலாம்பாக்கம் வழியா பாகூர் போயி திரும்பணும், அதே மாதிரி ரெண்டு சுத்து. ஓடப்போறது இருவது பேருன்னாலும் போட்டி எங்க ரெண்டு பேருக்குள்ளதான்னு எல்லாருக்கும் தெரியும். அந்த ஒத்த எடம் எனக்கு வேணும். வேணும்னா எப்டி வேணும், ராத்திரி பகலா வேணும். கரும்பு சோகைல கையக் கிழிச்சிக்கினு காலம் பூரா கெடக்க எனக்கு முடியாது, சைக்கிள வுட்டா எனக்கு வேற கதவும் இல்ல.

மொத நாளு சாயங்காலம் டீக்கடைல அண்ணன் கேட்டான்.

"கடைசி இழுப்புல அவன அடிப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப அதுக்கு முன்னாடியே அவன கழட்டணும்."

"இது நம்மூரு பந்தயம் இல்ல. பைக்கு வந்தா என் பேரையே அடிச்சிருவாங்க."

"பாத்தாதானடா அடிப்பாங்க? நீ மிதி. மத்தத நான் பாத்துக்கறேன்."

மத்ததுன்னா இன்னான்னு எனக்குத் தெரியும். தெரியாதவன் மாதிரி ஒரு வடைய எடுத்து கடிச்சேன். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் கேட்டிருப்பான், என் பேச்ச அவன் தட்டுனதே இல்ல. நான் சொல்லல. வட ஊசிப் போயிருக்குன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டேன். நாக்குக்கு அவ்ளோ ரோஷம் அன்னிக்கு.

ரோட்ட மூட பர்மிஷன் கெடைக்கல. பஸ்ஸு, பால் வண்டி, கரும்பு டிராக்டரு எல்லாத்துக்கும் நடுவுல புகுந்து புகுந்துதான் ஓட்டுனோம். எங்க புதுச்சேரி ஒரே துண்டா இருக்காது, வழில நடு நடுவுல தமிழ்நாடு வந்து வந்து போவும். காலைல ஆறு மணிக்கு வுட்டாங்க. மொத சுத்துலயே கும்பல் கழண்டுருச்சு. ரெண்டாவது சுத்து பாதில நானும் அவனும் மட்டும். பின்னாடி மேனேஜரும் நடுவரும் ஒரே கார்ல வந்துக்கினு இருந்தாங்க. பாகூர்ல திரும்பி வர்றப்ப ஒரு கரும்பு லோடு டிராக்டரு குறுக்க வந்திச்சு. நாங்க ரெண்டு பேரும் இடுக்குல புகுந்து வந்துட்டோம். காரு மாட்டிக்கிச்சு. எவ்ளோ ஹார்ன் அடிச்சும் அந்த டிராக்டர்காரன் நவுரல.

ரெண்டு நிமிசத்துல பின்னாடி பைக்கு சத்தம். திரும்பிப் பாக்காமயே எனக்குத் தெரிஞ்சிச்சு, அந்த சைலன்சர் சத்தம் எங்க வூட்டு வாசல்ல தெனம் கேக்கற சத்தம். அண்ணன் ஓட்டுறான், பின்னாடி அவன் கூட்டாளி ஒருத்தன். மொதல்ல எனக்கு முன்னாடி வந்து காத்த மறைச்சான். நான் இன்னா பண்ணியிருக்கணும்? வெலகியிருக்கணும், கத்தித் தொரத்தியிருக்கணும். நான் அந்த மறைப்புல நல்லா குனிஞ்சி உக்காந்துக்கினு மிதிச்சேன். சொகமா இருந்திச்சு. ச்சீ, இப்ப சொல்றப்பகூட அந்த சொகம் தொடைல தெரியுது.

திருக்கனூர்காரன் வுடல, என் பின்சக்கரத்துலயே ஒட்டிக்கினான். "இன்னாபா இது, வண்டிய போகச் சொல்லுபா"ன்னு ஒரு தடவ சொன்னான். கத்தல, சாதாரணமா சொன்னான். நான் காது கேக்காத மாதிரி மிதிச்சேன். அண்ணன் வேகத்த கொறச்சான், எனக்கு எடது பக்கம் வழி வுட்டு, அவன் பக்கத்துல போய் ஒட்டிக்கினான்.

அந்த எடத்துல பாதி ரோட்டுக்கு நெல்லு காயப் போட்டிருந்தாங்க. மொத சுத்துல நாங்க போறப்ப தார்ப்பாய் போத்தி, சுத்தி கல்லு வச்சி மூடி கெடந்தது. ரெண்டாவது சுத்துக்குள்ள வெயில் ஏறிடுச்சி, பரப்பிட்டாங்க. காயுற நெல்லு மேல வேகமா சைக்கிள் போனா சக்கரம் நிக்காது, எங்க பக்கத்துல கொழந்தைக்கும் அது தெரியும். எனக்குப் பின்னாடி நெல்லு தெறிக்கற சத்தம் கேட்டிச்சு, அப்பறம் இரும்பு சத்தம், அப்பறம் ஒரு பொம்பள, "ஐயோ என் நெல்லு"ன்னு கத்துறா. ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்தேன். அவன் நெல்லு மேல ஒருக்களிச்சி கெடந்தான், ஒரு கை மட்டும் ஒடம்போட சேராத மாதிரி மடங்கிக் கெடந்திச்சு. அந்தம்மா அவனத் தூக்கல. ரத்தம் பட்ட நெல்ல தனியா வழிச்சி வழிச்சி ஒதுக்கிக்கினு இருந்தா. நான் அவளத் திட்டிக்கினே மிதிச்சேன், "மனுசியாடி நீ"ன்னு. மிதிக்கறத நிறுத்தாம அவள திட்டுனவன் நானு!

வில்லியனூர்ல கோட்டத் தாண்டுனப்ப மேளம் அடிச்சாங்க. எனக்குப் பின்னாடி கண்ணுக்கு எட்ன தூரம் ரோடு காலி. ஜெயிச்ச மாதிரியே இல்ல, எதையோ திருடிக்கினு ஓடி வந்தா எப்டி மூச்சு வாங்கும், அப்டி வாங்கிச்சு. வாயெல்லாம், தெம்புக்குன்னு வழில பிதுக்கி முழுங்குன எனர்ஜி ஜெல்லு, சளி மாதிரி இனிப்பா ஒட்டிக்கினு நாறிச்சு.

அரை மணி நேரம் கழிச்சி காரு வந்திச்சு. மேனேஜர் எறங்கி நேரா என்கிட்ட வந்தாரு. தமிழ் கொஞ்சம் பேசுவாரு. சுத்தி எங்க ஊரு பசங்க, அசோசியேஷன் ஆளுங்க. எனக்குப் பத்தடி தள்ளி எங்கண்ணன், கையில சம்மங்கி மாலையோட, பல்லெல்லாம் தெரிய நிக்கிறான். அவன் பைக்கு அவன் பக்கத்துலயே நிக்கிது. டயர் இடுக்குல நாலு நெல்லு.

"பைக்ல ரெண்டு பேரு வந்து அவன தள்ளினதா அந்த லேடி சொல்றாங்க. உனக்குத் தெரிஞ்சவங்களா?"

எல்லா மொகமும் என்னப் பாத்திச்சு. மேனேஜர் என் கண்ண மட்டும் பாத்தாரு. நல்ல மனுசன் அவரு, நான் நெஜத்த சொல்லணும்னு ஆசப்பட்ட மாதிரிதான் நின்னாரு.

"தெரியாது சார். ரோட்ல போற பசங்க யாரோ."

கூடப் பொறந்தவன பத்தடி தூரத்துல வச்சிக்கினு தெரியாதுன்னு சொன்னேன். அவனுக்கு வலிச்சிருக்கும்னு நெனைக்கறீங்களா? தலைய ஆட்டி, கண்ணடிச்சான். "சபாஷ்டா"ன்னு அர்த்தம். அவன் வருத்தப்பட்டிருந்தாலாவது எனக்கு அழ ஒரு எடம் கெடைச்சிருக்கும். அந்தக் கண்ணடிப்பத்தான் என்னால இன்னிக்கும் முழுங்க முடியல.

அசோசியேஷன் செயலாளர் குறுக்க வந்து பைசல் பண்ணாரு. "சார், அவன் விழுந்த எடம் தமிழ்நாடு. நம்ம லிமிட்ல இல்ல. நாம ஒண்ணும் பண்ண முடியாது"ன்னாரு. சொல்லிட்டு அவரு மொகத்துல வந்த நிம்மதி இருக்கே, அடடா! ஒரு பையன் எலும்பு ஒடஞ்சி கெடக்கறான், இவரு எல்லைக்கல்லு பாக்கறாரு. எனக்கு அவர அறையணும்போல இருந்திச்சு. அறையல, கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கினேன். எல்லாரும் வாங்கச் சொன்னாங்க.

அப்பறம் அண்ணன் வூட்ல வச்சி சொன்னான். எடத்த மொத நாளே பைக்ல போயி பாத்து வச்சிட்டு வந்தானாம். குறுக்க வந்த டிராக்டர்காரனும் நம்ம பையன்தானாம். "காரு வந்தா மறிச்சிக்கோ, நான் சொல்ற வரைக்கும் நவுராதன்னு சொல்லி வச்சிருந்தேன்"னான். எனக்கு எத்தன கோச்சு அப்பால வந்தாங்க, கம்ப்யூட்டர வச்சிக்கினு பிளான் போட்டாங்க. எவனும் எங்கண்ணன் கால் தூசிக்கு வரமாட்டான். "அந்த ரேசு நான் ஜெயிச்சது, ஞாபகம் வச்சிக்கோ"ன்னு இன்னிக்கும் குடிச்சா சொல்லுவான்.

ஒரு வாரத்துல, டீம்ல வந்து சேரச் சொல்லி எனக்கு கடுதாசி வந்திச்சு. அவனுக்கு காறை எலும்பும் மணிக்கட்டும் போயி, பிளேட்டு வச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகல. இன்னா மூஞ்சிய வச்சிக்கினு போவேன்? ஊர் முக்குல ஃபிளெக்ஸு வச்சிட்டாங்க. "பாகூர் மண்ணின் சிங்கமே, இமயத்தையே மிதித்தவனே"ன்னு போட்டு, என் மூஞ்சி சின்னதா, கட்சிக்காரங்க மூஞ்சி பெருசு பெருசா. நான் இமயத்த படத்துல பாத்ததோட சரி. அந்த ஃபிளெக்ஸு அடில பசங்க ஒண்ணுக்குப் போறத பாத்தப்பதான் மனசு கொஞ்சம் ஆறிச்சு.

புரொஃபஷனல் ஆனேன். இன்னா ஆனேன்னு கேளுங்க. ஆறு பேரு ஒரு வாடக வூட்ல, ஈர ஜெர்சி நாத்தத்துல படுத்துக் கெடக்கணும். கால் முடிய வழிக்கணும். ஒருத்தன் நின்னு பாத்துக்கினே இருக்க, டெஸ்டுக்கு ஒண்ணுக்கு இருந்து குடுக்கணும். ஒக்கார்ற எடத்துல வந்த கொப்பளத்த பத்தி சொன்னா சாப்பாடு எறங்காது, வுட்டுடறேன். டீம்ல ஜெயிக்கறதுக்குன்னு ஒருத்தன் இருப்பான். மத்தவங்க அவனுக்காக காத்துல மோதி மோதி சாவணும். என் வேலை தண்ணி தூக்கறது. பின்னாடி வர்ற கார் வரைக்கும் போயி, முதுகுல ஏழு பாட்டில சொருவிக்கினு, மறுபடி முன்னாடி வரைக்கும் மிதிச்சி வந்து ஆளாளுக்கு குடுக்கணும். ஜெயிக்கறவன் வாய கொப்பளிச்சி துப்புவான், அது என் மேல வுழும். "இதுக்காடா ஒருத்தன் கைய ஒடச்ச?"ன்னு எனக்கு நானே கேட்டுக்குவேன்.

ஒரு தடவ தாய்லாந்துல ரேசு. நூறு பேருக்கு மேல, ஒருத்தன் மேல ஒருத்தன் ஒட்டிக்கினு போறோம். ஒரு வளைவுல ஒரு தடியன் முழங்கைய வச்சி என்ன மெதுவா ஓரத்துக்குத் தள்ளினான். தாரு முடிஞ்சி மண்ணு வந்திச்சு, என் வேகம் போச்சு, கும்பல் போயிடுச்சு. தள்ளினவன் எனக்குப் பழக்கப்பட்டவன் மாதிரியே இருந்தான். ஓகோ, இங்கயும் இதானா, பைக்கு மட்டுந்தான் இல்லியான்னு தோணிச்சு. சைக்கிள வுட்டு எறங்கி, ஒரு மரத்தடில உக்காந்து குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தேன். டாக்டரு வெயிலுன்னு எழுதினாரு.

வருசம் முடிஞ்சதும் டீம்ல திரும்ப கூப்டல. "நீ கஷ்டப்படற, ஆனா கடைசில அடிக்கறவன் எங்களுக்கு வேணும்"னாரு மேனேஜர். கடைசில அடிக்கறவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். சொல்லல. ஊருக்கு வந்து மூலக்குளத்துல சைக்கிள் கடை போட்டேன். போர்டுல பேருக்குக் கீழ "முன்னாள் சர்வதேச புரொஃபஷனல் வீரர்"னு எழுதியிருக்கு. தொப்பைய கரைக்க வர்ற டாக்டருங்களும் இன்ஜினியருங்களும் அதப் படிச்சிட்டு, என்கிட்ட செல்ஃபி எடுத்துக்கினு போறாங்க. அந்த போர்ட அழிக்கணும்னு மாசா மாசம் நெனைக்கறேன். யாவாரம் போயிடும், அழிக்கல.

அந்த ரேசு முடிஞ்சி நாலு வருசம் கழிச்சி, ஒரு சைக்கிள டெலிவரி குடுக்க திருக்கனூர் போனேன். குடுத்துட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழில அந்த மளிகைக்கடை. உள்ள அவன்தான் நின்னுக்கினு இருந்தான், கொஞ்சம் சதை போட்டு, தாடி வச்சிக்கினு. எதிர்ல நின்னு பாத்தேன். பருப்பு பொட்டலத்த சணல் சுத்தி கட்டறான். எடது கையாலயும் பல்லாலயும் கட்டறான். வலது கை விரலு சரியா மூடல. போயிடலாம்னுதான் திரும்பினேன். அவன் பாத்துட்டான்.

"ஏ, வாபா! இன்னா இவ்ளோ தூரம்? உள்ள வா."

ஸ்டூலு போட்டான். டீ சொல்லி வுட்டான். பிஸ்கட்டு டப்பாவ தொறந்து வச்சான். எங்க டீம பத்தி கேட்டான், தாய்லாந்து எப்டி இருக்கும்னு கேட்டான். இவன் தெரியாம கேக்கறான், நான் சொல்லியே ஆவணும், செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கினு போவணும்னு முடிவு பண்ணேன்.

"அன்னிக்கு பைக்ல வந்தது எங்கண்ணன்பா. எனக்குத் தெரியும். மேனேஜர் கேட்டப்ப தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அவன் பொட்டலத்த கட்டி முடிச்சி, தராசு பக்கத்துல வச்சான்.

"தெரியும்பா. உங்க அண்ணன எத்தினி தடவ பாத்திருக்கேன். மூஞ்சிய பாத்துக்கினேதான் வுழுந்தேன்."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது?" சிரிச்சான். "நானும் எங்கண்ணன வரச் சொல்லியிருந்தேன். அந்த ஏம்பலம் வளைவுகிட்ட உன்ன ஓரங்கட்டுன்னு ஒரு மாசமா சொல்லி சொல்லி வச்சிருந்தேன். அன்னிக்குன்னு பாத்து இங்க சந்தை. கடையில கூட்டம், வரமுடியாதுன்னு கடைசி நேரத்துல கால வாரிட்டான். வந்திருந்தான்னா அந்த நெல்லு வரைக்குமே நீ போயிருக்க மாட்ட."

அவன் பொய் சொல்லல, என்ன தேத்தறதுக்காகவும் சொல்லல. வெல ஏறிப் போச்சு, மழ இல்லன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னான். பேசாத, தண்ணி பாட்டில் நீட்டுற பையன்னு நான் நெனச்சிக்கினு இருந்தவன்.

அப்பால நான் சிரிச்சேன். மொதல்ல லேசா, அப்பறம் வயித்தப் புடிச்சிக்கினு. அவனும் சிரிச்சான். ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம். கடைக்கு வந்தவங்க எங்கள பாத்து, பழைய சிநேகிதங்க போல இருக்குன்னு நெனச்சிருப்பாங்க. நான் நாலு பிஸ்கட்ட டீல தொட்டுத் தொட்டு தின்னேன்.

கெளம்பறப்ப கேட்டான். "உங்கண்ணன் இப்ப இன்னா பண்றாரு?"

"அதே டிராக்டருதான். கரும்பு லோடு."

"நல்ல மனுசன்பா அவரு. தம்பிக்காக வந்து நின்னாரு பாரு. எங்கண்ணனும்தான் இருக்கானே." சொல்லிட்டு உள்பக்கம் ஒரு பார்வை பாத்தான். அங்க அவங்கண்ணன் அரிசி மூட்டைய எறக்கிக்கினு இருந்தான், சத்தமே இல்லாம. அவனப் பாத்த பார்வைல இருந்த வெறுப்புல கால்வாசிகூட என்னப் பாக்கறப்ப அவன் கண்ணுல இல்ல. அன்னிக்கு வராததால யாரையும் கெடுக்காத ஒரே ஆளு அந்த அண்ணன்தான். அவனுக்குத்தான் அந்த வூட்ல நாலு வருசமா யாரும் மொகம் குடுத்துப் பேசலியாம், பஸ் ஏத்தி வுட வந்தப்ப இவனே சொன்னான்.

நான் அப்பகூட, "பாவம்பா, உங்கண்ணன் மேல கோவப்படாத"ன்னு சொல்லல. "ஆமாபா, கூடப் பொறந்தவன் வந்திருக்கணும்"னு தலைய ஆட்டிட்டு பஸ் ஏறினேன். அன்னிக்கு வூட்டுக்குப் போயி படுத்தேன். நாலு வருசத்துல மொத தடவையா, விடியற வரைக்கும் ஒரு புரளு புரளாம நல்லா தூங்கினேன். அந்தத் தூக்கத்த நெனச்சாதான் எனக்குக் குமட்டுது.